இன்னொருத்தி அளவு

அத்தியாயம் 14

டெய்லரம்மாவைத் திட்டி வந்த கடிதங்களை எல்லாம் படித்தேன். "இவ்வளவு கூச்சப்படுகிறவள் எப்படி ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறாள்?" என்று ஒரு வாசகி வெளுத்து வாங்கியிருக்கிறார். நியாயமான கேள்விதான். பதில் இந்த வாரம் வருகிறது. அதைப் படித்த பிறகும் அவளைத் திட்ட உங்களுக்கு மனசு வருமா, பார்க்கலாம்.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. தெருவுக்கே அவள் டெய்லரம்மா. இளையவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வயது இருபத்தொன்பது. வீட்டில் அவள் சின்னவள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு சுகாதார நிலையத்துப் பெண்மணி வீடு வீடாக வந்து, முப்பது நிறைந்த பெண்களுக்கு ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியும் குழாயும் கொடுத்தார். குளியலறைக்குள் போய் நாமே மாதிரி எடுத்துக் குழாயில் போட்டுத் தரவேண்டும். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்குகிற வைரஸ் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். சின்னவளுக்கு முப்பது நிறைய இன்னும் ஐந்து மாதம். அதனால் அவளுக்குக் குழாய் கிடையாது.

டெய்லரம்மா தன் குழாயைச் சின்னவள் கையில் திணித்தாள். "எனக்கு இதெல்லாம் ஆகாதுடி. நீயே எடுத்துக் குடுத்துடு. அவங்களுக்கு வீட்டுக்கு ஒண்ணு வேணும், அவ்ளோதானே?"

சின்னவளும் விளையாட்டாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். குழாயின் மேல் மூத்தவள் பெயர். உள்ளே இருந்தது இளையவளுடையது.

இன்று முடிவு வந்துவிட்டது.

*

காலை பத்து மணி. வெட்டும் மேசையில் நீலத் துணியை எட்டு மடிப்பாகப் போட்டு, சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் டெய்லரம்மா. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். சுகாதார நிலையத்துப் பெண்மணி. எப்போதும் கக்கத்தில் ஒரு தடித்த நோட்டை இடுக்கிக்கொண்டு வருவதால், தெருவில் அவருக்குப் 'பெரிய நோட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"டெய்லரம்மா, அதைக் கீழ வச்சிட்டு கொஞ்சம் உட்காருங்க."

உட்காரச் சொல்லிவிட்டு யார் நல்ல செய்தி சொல்லியிருக்கிறார்கள்?

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுங்க."

"உங்க ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு." பெரிய நோட்டு ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "பயந்துடாதீங்க, இது கேன்சர் இல்ல. வைரஸ் இருக்கு, அவ்ளோதான். நிறைய பேருக்கு வரும், தன்னால போயிடும். ஆனா உங்களுக்கு வந்திருக்கறது பதினாறாம் நம்பர். அது கொஞ்சம் பொல்லாதது. போகாம தங்கிடுச்சுன்னா, பத்துப் பதினஞ்சு வருஷத்துல வேலையைக் காட்டும். அதுக்குள்ள பாத்துட்டோம்னா ஒண்ணுமே இல்ல."

"இது எப்படி வரும்?"

"புருஷன் பொண்டாட்டியா வாழறதுல வர்றதுதான். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. எத்தனையோ வருஷம் முன்னாடி வந்து உள்ளயே இருந்திருக்கும். இதை வச்சு வீட்ல யாரும் யாரையும் கேள்வி கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கேள்வி கேட்கக் கூடாதாம். இந்த வீட்டிலா! சின்னவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். கொழுந்தன் நல்லவன்தான். ஆனால் பெண்டாட்டியின் போன் இரண்டு தடவை பிஸியாக இருந்தாலே 'யாரு பேசினது?' என்று கேட்கிற ரகம். இந்தச் சீட்டு சின்னவளுடையது என்று தெரிந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று டெய்லரம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

"இன்னிக்கு மூணு மணிக்கு டாக்டரம்மா வர்றாங்க. விட்டா அடுத்த மாசம்தான். வந்துடுங்க, சின்ன பரிசோதனைதான்." பெரிய நோட்டு எழுந்தவர், ஏதோ நினைவு வந்து நின்றார். "அப்புறம் உங்க பொண்ணோட ஃபாரம்? நாளைக்கு ஸ்கூல்ல இந்த வைரஸுக்குத்தான் தடுப்பூசி போடறோம். இன்னும் அவளது மட்டும்தான் வரல."

"அவளுக்குப் பதிமூணு வயசுதான் ஆகுது. இப்ப என்ன அவசரம்?"

"இப்பதான் போடணும். ஒம்போதுலேர்ந்து பதினாலுக்குள்ள போட்டா நல்லா வேலை செய்யும். வைரஸ் உள்ள வந்ததுக்கு அப்புறம் ஊசி போட்டு அதை விரட்ட முடியாதும்மா. வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் காவல்."

"பாக்கறேன்."

"ரெண்டு வாரமா பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை டெய்லரம்மா அசையவில்லை. பிறகு சீட்டை நாலாக மடித்தாள். பாதி தைத்துக் கிடந்த ஒரு சட்டையின் பைக்குள் அதைச் செருகி, பையின் வாயை மெஷினில் கொடுத்து ஒரே ஓட்டாக ஓட்டி மூடிவிட்டாள். எந்தப் பிள்ளையின் சட்டை என்றுகூடப் பார்க்கவில்லை.

மூடிவிட்டால் ஆயிற்றா? மூன்று மணிக்கு அவளே போய்ப் படுத்தால், டாக்டரம்மா சோதிக்கப்போவது அவளை. சின்னவளுக்குள் இருப்பது சின்னவளுக்குள்ளேயே இருக்கும். வளரும். சின்னவளை அனுப்பினால், குழாய் விஷயம் வெளியே வரும். 'உங்களுக்கு என்ன கூச்சம்?' என்று கேட்பார்கள்.

கூச்சமா? மண்ணாங்கட்டி. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மார்பளவும் இடுப்பளவும் எடுக்கிறவளுக்கு என்ன கூச்சம்?

விஷயம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்பே டெய்லரம்மாவுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. விட்டது தொல்லை என்று நிம்மதியாக இருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்பு மறுபடி ரத்தம் படத் தொடங்கியது. முதலில் சொட்டாக. பிறகு அடிக்கடி. இப்போது இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. சூட்டினால் என்றாள். மெஷினை மிதித்து மிதித்து என்றாள். எல்லாவற்றையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளே தவிர, ஒரு மனுஷியிடம் வாயைத் திறக்கவில்லை. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்தக் குழாய் கைக்கு வந்தபோது அவளுக்கு வந்தது பயம், சுத்தமான பயம். அதற்குக் கூச்சம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

திட்டுவதாக இருந்தால் இப்போது திட்டுங்கள்.

*

இத்தனையும் நடந்தபோது பின்கட்டில் ஒரு ஜோடிக் காது இருந்தது.

டெய்லரம்மாவின் மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். 'கையெழுத்து இல்லாம வகுப்புக்கு வராதே' என்று டீச்சர் துரத்திவிட, ஃபாரத்தோடு கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்தவள், 'பாசிட்டிவ்' என்பதையும் 'கேன்சர்' என்பதையும் கேட்டாள். பின்னாலேயே வந்த 'இல்ல' அவள் காதில் ஏறவில்லை. சீட்டு பைக்குள் போனதைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடினாள்.

இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை. சின்னவள் ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடியில் கழன்ற திருகை, ஊசிபோல் இருந்த திருப்புளியால் முறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வாலு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சிவப்பு.

"சித்தி... அம்மாவுக்குக் கேன்சராம்."

"வாயை மூடு! யாரு சொன்னது?"

"பெரிய நோட்டு வந்தாங்க. அந்தக் குழாய் ரிசல்ட் பாசிட்டிவாம். பதினாறாம் நம்பராம். மூணு மணிக்கு வரச் சொன்னாங்க. அம்மா அழக்கூட இல்ல சித்தி. சீட்டைச் சட்டைப் பையில போட்டுத் தைச்சிட்டாங்க."

அந்தக் குழாய்.

திருகு சின்னவள் விரலிலிருந்து நழுவி எங்கேயோ உருண்டது. பெரியவர் குனிந்து தேடினார். சின்னவள் தேடவில்லை. குளியலறைக் கதவு, பஞ்சுக் குச்சி, 'சீக்கிரம் வாடி, ஒரு குச்சிக்கு இவ்ளோ நேரமா?' என்று வெளியே அக்கா கத்தியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. அது அவளுடையது. எதிரே நின்று குழந்தை தன் அம்மாவுக்காக அழுகிறது. அழவேண்டியது நான் அல்லவா என்று நினைத்தாள். அழுகை வரவில்லை.

வாலு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தாள்.

"என்னம்மா, வயிறு வலிக்குதா? மாத்திக்க எதுவும் வேணுமா? போன வாரம்கூட உனக்குன்னு ரெண்டு பாக்கெட் நாப்கின் வாங்கிக் குடுத்தேனே, ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகலையா?"

வாலு தலையைத் தூக்கினாள். "எனக்கா? எனக்கு இன்னும் அதெல்லாம் வரவே இல்லையே சித்தி."

"வரலையா?"

"இல்லையே. வந்தா சொல்ல மாட்டேனா?"

சின்னவள் விரல்விட்டு எண்ணினாள். மாதாமாதம் இரண்டு பாக்கெட். போன மாதம் மூன்று. 'புள்ளைக்கு வந்திருச்சுடி. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், நீயும் அவகிட்ட எதுவும் கேக்காத, கூச்சப்படுவா' என்று அக்கா காதோடு சொல்லி வாங்கிவரச் சொன்னது ஐந்து மாதமாக. அக்காவுக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது என்பதும் சின்னவளுக்குத் தெரியும். நின்ற புதிதில் சிரித்துச் சிரித்து அக்காவே சொன்னாள்.

அவள் முதலாளியிடம் அனுமதி கேட்கக்கூட இல்லை. வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

*

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் உள்ளே வந்ததைப் பார்த்தும் டெய்லரம்மா காலை எடுக்கவில்லை.

"என்னடி, வேலை நேரத்துல..."

"சீட்டு எங்கக்கா?"

"எந்தச் சீட்டு?"

"அக்கா, விளையாடாத. எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

டெய்லரம்மா வாலுவைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். "நீ உள்ள போ."

"போக மாட்டேன்" என்றாள் வாலு. போகவும் இல்லை.

"உன்கிட்ட சொல்லத்தான்டி இருந்தேன். சாயங்காலம் நீ வந்ததும் சொல்லலாம்னு..."

"டாக்டர் வர்றது மூணு மணிக்கு. சாயங்காலம் சொல்லி என்ன பண்ண?" சின்னவள் மேசைமேல் கிடந்த துணிகளைத் தள்ளிப் பார்த்தாள். "எனக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சும் அதை வச்சுத் தைச்சிருக்கியே, உனக்கு மனசு எப்படிக்கா வந்துச்சு?"

டெய்லரம்மா எழுந்தாள். குவியலில் அந்தச் சட்டையைத் தேடி எடுத்தாள். தையல் பிரிக்கும் ஊசி இரண்டு தடவை துணியைக் குத்தியது. மூன்றாம் தடவைதான் இழை அறுந்தது. சீட்டு வெளியே வந்தது. சின்னவள் அதை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, இது என்னோடது. நான் பாத்துக்கறேன். அந்த நாப்கின் யாருக்கு?"

டெய்லரம்மா பிரித்த சட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

"யாருக்குக்கா?"

"சத்தம் போடாதடி."

"எத்தனை மாசமா?"

"அஞ்சு." டெய்லரம்மா மெஷினைப் பிடித்துக்கொண்டாள். "வலி இப்ப ஒரு மாசமாத்தான். சரியாப் போயிடும்னு நினைச்சேன்டி. போய்க் காட்டினா இதுதான்னு சொல்லிடுவாங்களேன்னு பயமா இருந்துச்சு. சொல்லாத வரைக்கும் இல்லைன்னு இருக்கலாமே."

சின்னவள் வெட்டுத்துண்டுகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோடதை உன் பேர்ல எழுதிட்டாங்க. உன்னோடதை எங்கயுமே எழுதலையேக்கா."

வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முழுசாக ஒன்றும் புரியவில்லை. ஆனால் அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். தன் கையில் கசங்கிப்போயிருந்த ஃபாரத்தை மெதுவாக மெஷின்மேல் வைத்தாள். "அம்மா, இதுல போடலைன்னா டீச்சர் உள்ள விட மாட்டாங்க."

டெய்லரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். அளவு குறிக்கிற பேனாதான் கிடைத்தது. அதிலேயே கையெழுத்துப் போட்டாள்.

"ஊசி வலிக்குமாம்மா?"

"வலிச்சா வலிக்கட்டும்" என்றாள் டெய்லரம்மா. "நீ போட்டுக்கோ."

*

சுகாதார நிலையத்துக் கூடத்தில் நீளமான இரும்பு பெஞ்சு. பச்சைத் திரை போட்ட கதவு. டெட்டால் வாசனை. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

எல்லாவற்றையும் சின்னவள்தான் சொன்னாள், மூச்சுவிடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே. பெரிய நோட்டு கேட்டு முடித்ததும் நோட்டைப் படாரென்று மூடினார்.

"ஏன் டெய்லரம்மா, ஒருத்தி அளவுல இன்னொருத்திக்குத் தைப்பீங்களா நீங்க?"

டெய்லரம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தைச்சா என்ன ஆகும்? அவளுக்கும் சேராது, இவளுக்கும் சேராது. இது சட்டை இல்லம்மா, பிரிச்சுத் தைக்க." அவர் கோபத்தில் பேனாவைத் தேடினார். அது அவர் காதிலேயே செருகியிருந்தது. "உங்களுக்கு ரத்தம் படுதுன்னா குழாயே வேண்டாமே, அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே! நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் ஓடி வரணும்னு எத்தனை தடவை தெருவுல கத்தியிருக்கேன்?"

"கேட்டேன்" என்றாள் டெய்லரம்மா. "எல்லாம் கேட்டேன்."

பெரிய நோட்டு மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மூத்தவள் பெயர். பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "யாரு அது? ஒருத்தர் வாங்க."

டெய்லரம்மா சின்னவளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "நீ போ முதல்ல. உன் சீட்டு."

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னவள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது.

"சின்னதா ஒரு இடம் வெள்ளையாத் தெரிஞ்சுதாம். இப்பவே சூடு வச்சு அதை அழிச்சிட்டாங்க. எண்ணி ரெண்டு நிமிஷம். என் பேர்ல புதுசா எழுதியிருக்காங்க. வருஷம் கழிச்சு மறுபடி வந்து பாக்கணுமாம். குழந்தை பெத்துக்க ஒரு தடையும் இல்லைன்னு சொன்னாங்கக்கா. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் சொன்னாங்க."

டெய்லரம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். "அப்பாடா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவள் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எல்லாம் இருந்தது. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றிச் சின்னவள் கையில் கொடுத்தாள். வீட்டிலிருந்து வரும்போது அதைக் கழற்ற மறந்திருந்தாள். "புடி. வந்து வாங்கிக்கறேன்."

திரை விலகியது. மூடிக்கொண்டது.

சின்னவள் டேப்பைச் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள். கால்மணி ஆயிற்று. அரைமணியும் ஆயிற்று. உள்ளே முதலில் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு ஏதோ உலோகத் தட்டில் வைக்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. நர்ஸ் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரிய நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த பாட்டிலையே பார்த்தார்.

"அது எதுக்கு?" என்று கேட்டாள் சின்னவள்.

"சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப" என்றார் பெரிய நோட்டு. அவர் பேனாவை மூடிவிட்டார்.

டாக்டரம்மாவே கதவுக்கு வந்துவிட்டார். கையுறையைக் கழற்றிக்கொண்டே கூடத்தைப் பார்த்தார்.

"இவங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

"லாரியில வெளியூர் போயிருக்காரு டாக்டர். வர ஆறு நாள் ஆகும்."

"ஆறு நாள் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே போன் பண்ணுங்க. கூட வந்தது நீங்கதானே? உள்ள வாங்க. கதவைச் சாத்திட்டு வாங்க."

சின்னவள் எழுந்தாள். நல்லவேளை, இந்தத் தடவை கூப்பிட்டது என் விஷயத்துக்கு இல்லை என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். ஒரே நொடிதான். அந்த நொடிக்காகப் பின்னால் எத்தனையோ நாள் அவள் தன்னையே திட்டித் தீர்த்தாள்.

உள்ளே, டெய்லரம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"டேப்பைக் குடுடி" என்றாள். "நாலு மணிக்கு அளவு குடுக்க ஆள் வர்றாங்க."

சின்னவள் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.